கூப்பிட்டால் திரும்பும், பேர் கேட்டால் மாற்றிச் சொல்லும்: ஒரு சர்வர் பெயர் மாற்றம், நிகழ்வு ஆய்வு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் தயாரித்து விற்கிற நிறுவனம் அது. பில்லிங், ஸ்டோர்ஸ், அக்கவுன்ட்ஸ் எல்லாம் ஒரே எஸ்க்யூஎல் சர்வரில், அதாவது ஒரே டேட்டாபேஸ் மென்பொருளில், ஓடுகின்றன. ஆனிக் கடைசி சனிக்கிழமை ராத்திரி பழைய மெஷினை நிறுத்தி, புது மெஷினுக்கு அதே பெயரை வைத்து ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தார்கள். திங்கள் காலை கவுன்டரில் பில் முன்னைவிட வேகமாக வந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

பதினோரு மணி வாக்கில் ஸ்டோர்ஸில் சத்தம் கிளம்பியது. செங்குன்றம் குடோனுக்குச் சரக்கு மாற்றுகிற என்ட்ரி மட்டும் சேவ் ஆகவில்லை. என்ட்ரி விழாவிட்டால் டிசி (டெலிவரி சலான்) வராது, டிசி இல்லாமல் இ-வே பில் போட முடியாது. தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிற சரக்கு என்றாலும் ஒரு லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். "லாரியில ஏத்தி முடிச்சாச்சு சார், டிரைவர் கேட்டுல நின்னு கத்துறாரு" என்று ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் ஈடிபி (கணினிப் பிரிவு) அறைக்கே வந்துவிட்டார். திரையில் நின்ற எரர் எண் 3910. இந்த ட்ரான்சாக்ஷனை (முழுதாக நடக்க வேண்டிய, இல்லையேல் முழுதாக ரத்தாக வேண்டிய வேலைத் தொகுப்பை) வேறொரு செஷன் (இணைப்பு) பிடித்து வைத்திருக்கிறது என்பது அதன் சாரம். மெஷின் விற்ற கம்பெனியின் இன்ஜினியர், ஏதோ லாக் விழுந்திருக்கும், சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க என்று போனில் சொன்னார். செய்தார்கள். மறுபடியும் 3910.

என்னைக் கூப்பிட்டது இதற்காகத்தான். அந்த நிறுவனத்துக்கு டேட்டாபேஸ் வேலைகளை வெளியிலிருந்து பார்த்துக் கொடுப்பவன் நான். மெஷின் மாற்றுகிற வேலை மட்டும் விற்றவர்களிடமே போயிருந்தது.

பெயரை ஏன் விடவில்லை

பழைய மெஷினின் பெயர் ஈடிபிசர்வர். விண்டோஸ் 2012 ஆர்2, அதன்மேல் எஸ்க்யூஎல் சர்வர் 2014. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தபோது, ரேக்கோடு தூக்கி மாடிக்கு ஏற்றப்பட்ட மெஷின். பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பவர் சப்ளை அடிக்கடி சிவப்பு விளக்கு காட்டியது. விண்டோஸ் 2012 ஆர்2-க்கான ஆதரவு 2023 அக்டோபர் 10-லேயே முடிந்துவிட்டது. எஸ்க்யூஎல் 2014-க்கு 2024 ஜூலை 9 கடைசி நாள். ஆக மாற்றியே தீர வேண்டும். முதலாளிக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: ஆடி பிறப்பதற்குள் புது மெஷினுக்குப் பூஜை போட்டு ஓடவிட்டுவிட வேண்டும். அவசரத்தின் வேர் அங்கே இருக்கிறது. ஒத்திகை பார்க்க வைத்திருந்த வார இறுதியிலேயே நிஜ மாற்றமும் நடந்தது.

புது மெஷினில் விண்டோஸ் 2019, எஸ்க்யூஎல் சர்வர் 2019. கட்டும்போது அதற்கு வைத்த பெயர் ஈடிபிநியூ. கடைசியில் அதை ஈடிபிசர்வர் என்று மாற்றுவது திட்டம். காரணம், பில்லிங் புரோகிராம் விபி 6-இல் எழுதியது, சர்வர் பெயர் அதற்குள்ளேயே புதைந்திருக்கிறது. எழுதியவர் இப்போது தொழிலிலேயே இல்லை. சோர்ஸ் கோடு பாதிதான் கையில் இருக்கிறது. எடைமேடை பிசி, பார்கோடு பிரின்டர் பிசி, அக்கவுன்ட்ஸின் எக்செல் மேக்ரோக்கள் என்று பெயர் எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதை முழுதாகச் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. இந்த நிலையில் பழைய பெயரை வைத்துக்கொள்வது சரியான முடிவுதான். அதில் எனக்கு மறுப்பில்லை.

சனி ராத்திரி

இன்ஜினியர் செய்தவற்றில் நல்லவை பல. பழைய மெஷினை வெறுமனே அணைத்துவிட்டு, ஆக்டிவ் டைரக்டரியில், அதாவது அலுவலக நெட்வொர்க்கின் (டொமைனின்) கணக்குப் பதிவேட்டில், அதன் கணக்கை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. நாளைக்குப் பழையதில் ஒரு கோப்பு வேண்டும் என்று ஆன் செய்தால், டொமைனோடு இருந்த உறவு அறுந்துபோய் லாகினே விழாது. இவர் அப்படிச் செய்யவில்லை. பழையதை முதலில் ஈடிபிஓல்டு என்று முறைப்படி மாற்றி, அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் இரண்டிலும் அது பதிவானதைப் பார்த்த பிறகே புதியதன் பெயரைத் தொட்டிருக்கிறார். பழையதில் எஸ்க்யூஎல் சர்வீஸை டிசேபிள் செய்தும் வைத்திருந்தார். அதன் அருமை திங்கள் காலையிலேயே தெரிந்தது. செங்குன்றம் குடோன் பிசி ஒன்றில் எவரோ எப்போதோ ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (பெயருக்கு உரிய ஐபி முகவரியைக் கையால் எழுதும் கோப்பில்) பழைய ஐபியை எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பிசி நேராகப் பழைய மெஷினின் கதவைத் தட்டியது. சர்வீஸ் ஓடாததால் இணைப்பு விழவில்லை, உடனே கண்டுபிடித்தார்கள். ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் குடோனின் என்ட்ரி முழுக்கப் பழைய டேட்டாபேஸில் விழுந்திருக்கும். அதைப் பிரித்தெடுத்துச் சேர்ப்பது பெரும்பாடு.

லாகின்களைப் பழைய எஸ்ஐடியோடு (ஒவ்வொரு லாகினுக்கும் உள்ள அடையாள எண்ணோடு) ஸ்கிரிப்ட் எடுத்துப் புதியதில் ஏற்றியிருந்தார். 2014-இன் மாஸ்டர் டேட்டாபேஸை (சர்வர் தன் சொந்த விவரங்களை வைத்திருக்கும் இடத்தை) 2019-இல் ரீஸ்டோர் செய்ய முடியாது என்பதால் அதுதான் வழி. எஸ்ஐடி ஒத்துப்போனதால் டேட்டாபேஸுக்குள் இருக்கும் யூசர்கள் தம் லாகினோடு தொடர்பு அறுந்து அநாதையாகவில்லை.

பிறகு பெயர் மாற்றம். விண்டோஸில் பெயரை மாற்றி ரீபூட் செய்தால், எஸ்க்யூஎல் சர்வர் எழும்போதே புதுப்பெயரில் இணைப்புகளை ஏற்கத் தொடங்கிவிடும். பில்லிங் பிசியிலிருந்து ஈடிபிசர்வர் என்று கூப்பிட்டால் பதில் வரும். ஆனால் மாஸ்டர் டேட்டாபேஸுக்குள் சிஸ்.சர்வர்ஸ் என்கிற பட்டியலில், எண் 0 உள்ள வரிசையில், தன் பெயர் என்று சர்வர் குறித்து வைத்திருப்பது தானாக மாறாது. அதை நாம்தான் மாற்ற வேண்டும்: எஸ்பி_டிராப்சர்வர் கொண்டு பழைய பெயரை நீக்கி, எஸ்பி_ஆட்சர்வர் கொண்டு புதுப்பெயரை 'லோக்கல்' என்கிற குறிப்போடு சேர்த்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இரண்டே வரி வேலை.

இன்ஜினியரின் வேலைக் குறிப்பில் இதுவும் இருந்தது. ஆனால் சேர்க்கும் வரியை முதலில் ஓட்டியிருக்கிறார். 'ஏற்கெனவே இருக்கிறது' என்று எரர் வந்திருக்கிறது. பெயர் ஏற்கெனவே மாறிவிட்டது போல, நல்லதுதான் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ராத்திரி ஒன்றரை மணிக்கு, பில்லிங் இணைப்பு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, அப்படிப் படிக்கத்தான் தோன்றும்.

3910 எங்கிருந்து வந்தது

நான் போய் உட்கார்ந்ததும் ஓட்டியது ஒரே ஒரு கேள்வி. @@சர்வர்நேம் என்ன சொல்கிறது, சர்வர்பிராப்பர்ட்டி ஃபங்ஷனில் சர்வர்நேம் கேட்டால் என்ன வருகிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. மெஷின் மாறிய இடத்தில் விளங்காத எரர் எது வந்தாலும் முதலில் இதைத்தான் பார்ப்பேன். முதலாவது சிஸ்.சர்வர்ஸ் பட்டியலிலிருந்து வருவது. இரண்டாவது மெஷினின் இப்போதைய பெயரிலிருந்து வருவது. திரையில் ஒரே வரியில் விழுந்தவை:

ஈடிபிநியூ | ஈடிபிசர்வர்

ஈடிபி பொறுப்பாளர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "அது எப்படி தம்பி, ரெண்டு பேரு?" என்றார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது, உன் பேர் என்ன என்று கேட்டால் வேறு பேர் சொல்கிறது என்றேன்.

சிஸ்.சர்வர்ஸ் பட்டியலை முழுதாக விரித்தபோது இரண்டாவது வரிசை கண்ணில் பட்டது. ஈடிபிசர்வர் என்ற பெயரில் ஒரு லிங்க்டு சர்வர், அதாவது இன்னொரு சர்வரை இங்கிருந்தே எட்டிப் பார்க்கும் இணைப்பு. புது மெஷினைக் கட்டிக்கொண்டிருந்த நாள்களில், பழையதிலிருந்து டேபிள் எண்ணிக்கைகளைச் சரிபார்க்க இன்ஜினியர் உருவாக்கியது. அப்போது அது பழைய மெஷினைக் காட்டியது, சரி. பெயர்கள் இடம் மாறிய நிமிடத்திலிருந்து அது தன்னையே காட்டத் தொடங்கியது. வரியைச் சரியான வரிசையில் ஓட்டியிருந்தாலும் இந்த லிங்க்டு சர்வர் அந்தப் பெயரில் உட்கார்ந்திருக்கும்வரை சேர்த்தல் நடந்திருக்காது.

சரக்கு மாற்றும் ஸ்டோர்டு புரொசீஜருக்கு, அதாவது டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த புரோகிராமுக்கு, வருவோம். ஒரு காலத்தில் செங்குன்றம் குடோனுக்குத் தனி சர்வர் இருந்தது. அப்போது எழுதிய புரொசீஜர் அது. எதிர்முனையின் டேபிளை நான்கு பகுதிப் பெயரால், அதாவது சர்வர், டேட்டாபேஸ், ஸ்கீமா, டேபிள் என்று முழுதாகச் சொல்லி அழைக்கும். குடோன் சர்வரை அம்பத்தூரோடு சேர்த்தபோது, சர்வர் பெயர் இருந்த இடத்தில் ஈடிபிசர்வர் என்று மாற்றினார்களே தவிர, அந்தப் பகுதியை எடுத்துவிடவில்லை. பழைய மெஷினில் அதனால் ஒரு கேடும் இல்லை. நான்கு பகுதிப் பெயரில் முதலில் இருப்பது தன் பெயரே என்றால் எஸ்க்யூஎல் சர்வர் அதை உள்ளூர் டேபிளாகவே எடுத்துக்கொள்ளும்.

புதியதில், சர்வரின் நினைப்பில் தன் பெயர் ஈடிபிநியூ. ஈடிபிசர்வர் என்பது அதற்கு வேறொரு ஆள். ஆகவே லிங்க்டு சர்வர் வழியாக வெளியே போய், சுற்றிக்கொண்டு தன்னிடமே இன்னொரு இணைப்பாக வந்து நின்றது. வெறும் செலக்ட் (தரவைப் படிப்பது) என்றால் மெதுவாகவாவது ஓடும். திங்களன்று ஸ்டாக் அறிக்கை வழக்கத்தைவிட இழுத்ததற்கும் இதுவே காரணம். ஆனால் சரக்கு மாற்றம் ஒரு ட்ரான்சாக்ஷனுக்குள் நடப்பது. தன்னையே சுட்டும் லிங்க்டு சர்வரை டிஸ்ட்ரிபியூட்டடு ட்ரான்சாக்ஷனில் (ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர் இணைப்புகளைத் தொடும் ட்ரான்சாக்ஷனில்) பயன்படுத்த எஸ்க்யூஎல் சர்வர் அனுமதிப்பதில்லை. அங்கே வருவதுதான் 3910. லாக்கும் இல்லை, செஷனும் இல்லை. எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது.

சத்தமே போடாத பேக்கப்

@@சர்வர்நேம் தவறு என்று தெரிந்தவுடன் அடுத்துத் தேட வேண்டியது, அந்த மதிப்பை நம்பி வேறு என்னென்ன ஓடுகின்றன என்பதை. எஸ்க்யூஎல் ஏஜென்ட் நேரம் வைத்து ஓட்டும் ஜாப்களில் தேடினேன். ராத்திரி பேக்கப் ஜாப்பில் மாட்டியது.

அந்த ஸ்கிரிப்ட் டி டிரைவின் பேக்கப் ஃபோல்டருக்குள் @@சர்வர்நேம் பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்து அதில் கோப்புகளைப் போடும். ஃபோல்டர் இல்லாவிட்டால் தானே உருவாக்கிக்கொள்ளும். அடுத்த ஸ்டெப், ரோபோகாப்பி என்கிற விண்டோஸின் நகலெடுக்கும் கருவி கொண்டு ஈடிபிசர்வர் ஃபோல்டரை நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்கு) நகலெடுக்கும். இங்கே பெயர் ஸ்கிரிப்டில் கையால் எழுதப்பட்டது. சனி இரவிலிருந்து பேக்கப் போய் விழுந்தது ஈடிபிநியூ ஃபோல்டரில். நாஸுக்கு நகலானது ஈடிபிசர்வர் ஃபோல்டர். ஜாப் வரலாற்றில் இரண்டு ராத்திரியும் பச்சை டிக்.

ரோபோகாப்பி முடியும்போது திருப்பித் தரும் எண்களைப் பற்றி, அதாவது எக்ஸிட் கோடுகளைப் பற்றி, கொஞ்சம் சொல்ல வேண்டும். கோப்பு நகலானால் 1. நகலெடுக்கப் புதிதாக ஒன்றுமில்லை என்றால் 0. இரண்டும் வெற்றிக் கணக்கில்தான் வரும். 8-உம் அதற்கு மேலும்தான் தோல்வி. ஏஜென்ட் ஜாப்போ 0-ஐ மட்டும் வெற்றியாக எண்ணும். அதனால் 8-க்குக் கீழே எது வந்தாலும் 0-ஆக மாற்றிக்கொடுக்கும் சிறு பேட்ச் ஃபைல் ஒன்றை எல்லோரும் எழுதிவிடுகிறோம், இங்கும் எழுதியிருந்தார்கள். ஆக 'நகலெடுத்தேன்' என்பதும் 'நகலெடுக்க ஒன்றுமே இல்லை' என்பதும் ஜாப் வரலாற்றில் ஒன்றுபோலவே தெரியும்.

ஈடிபிசர்வர் ஃபோல்டரே புது மெஷினில் இல்லாதிருந்தால் ரோபோகாப்பி 16 கொடுத்துக் கூப்பாடு போட்டிருக்கும். ஆனால் ரீஸ்டோர் செய்வதற்காகப் பழைய பேக்கப்களை அதே பெயர் ஃபோல்டரோடு புதியதில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஃபோல்டர் இருக்கிறது, கோப்புகளும் இருக்கின்றன, புதிதாக மட்டும் ஒன்றும் இல்லை.

நாஸில் ஏழு நாளைக்கு மேற்பட்டவற்றை அழிக்கிற வேலையும் தினமும் ஓடுகிறது. இன்னும் ஒரு வாரம் யாரும் பார்க்காதிருந்தால் நாஸ் காலி. பேக்கப் எல்லாம் டேட்டாபேஸ் இருக்கும் அதே மெஷினின் அதே டிஸ்க் வரிசையில். மிக்ஜாமுக்குப் பிறகுதான் பக்கத்துக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அந்த நாஸையே வாங்கி வைத்தார்கள் என்பதைச் சேர்த்து யோசித்தால் ஈடிபி பொறுப்பாளர் முகம் வெளிறியதில் வியப்பில்லை. வேறெதையும் தொடும் முன் அன்று மதியமே ஒரு முழு பேக்கப் எடுத்து, கையால் நாஸில் வைத்தோம்.

பழைய மெஷினுக்கே திரும்பிவிடலாமா என்றும் ஒரு குரல் எழுந்தது. திங்கள் முதல் பில் விழுந்தபோதே அந்தக் கதவு மூடியாகிவிட்டது. 2019-இல் எடுத்த பேக்கப்பை 2014-இல் ரீஸ்டோர் செய்ய முடியாது. திரும்புவதென்றால் காலை பில்களை எல்லாம் கையால் மறுபடி போட வேண்டும்.

இன்னொரு கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்த எஸ்பிஎன்

இது வேறு வகைக் கோளாறு. சனி ராத்திரியே தலைகாட்டியது. விண்டோஸ் லாகினில் ஓடுகிற எக்செல் அறிக்கைகள் 'எஸ்எஸ்பிஐ கான்டெக்ஸ்ட் உருவாக்க முடியவில்லை' என்று நின்றுவிட்டன. பில்லிங் எஸ்க்யூஎல் லாகினில் ஓடுவதால் அதற்குப் பாதிப்பில்லை. இன்ஜினியர் அப்போதைக்கு எக்செல் கோப்புகளுக்குள் எஸ்ஏ என்கிற முழு அதிகார லாகினையும் பாஸ்வேர்டையும் எழுதி ஓடவைத்துவிட்டார். எரரைவிட மோசமான மருந்து.

பழைய எஸ்க்யூஎல் சர்வீஸ் ஓடியது ஒரு டொமைன் கணக்கில். புதியதற்குப் புதுக் கணக்கு. விண்டோஸ் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையின் டிக்கெட்டுக்குத் தேவையான எஸ்பிஎன், அதாவது ஈடிபிசர்வரில் 1433 போர்ட்டில் இருக்கும் எஸ்க்யூஎல் சேவை இன்ன கணக்குடையது என்கிற பதிவு, பழைய கணக்கிலேயே இருந்துவிட்டது. மெஷின் பெயரை மாற்றும்போது மெஷின் கணக்கின் பதிவுகள் தாமே மாறும், சர்வீஸ் கணக்கில் இருக்கும் பதிவை யாரும் தொட மாட்டார்கள். எஸ்பிஎன் எங்கேயுமே இல்லை என்றால் என்டிஎல்எம் என்கிற பழைய சரிபார்ப்பு வழிக்கு இறங்கி எப்படியோ ஓடிவிடும். தவறான கணக்கில் இருந்தால் டிக்கெட் அந்தக் கணக்கின் சாவியால் பூட்டப்பட்டு வரும், புது சர்வீஸால் திறக்க முடியாது, முழுதாக நின்றுவிடும். செட்எஸ்பிஎன் கருவியில் கியூ போட்டுத் தேடி, பழைய கணக்கிலிருந்து டி போட்டு நீக்கி, எஸ் போட்டுப் புதுக் கணக்கில் சேர்த்தோம். ஏ போட்டும் சேர்க்கலாம்தான். எஸ் என்றால் இரட்டைப் பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சேர்க்கும் என்பதால் நான் அதையே பயன்படுத்துகிறேன். அக்கவுன்ட்ஸ் பிசிகளில் கேலிஸ்ட் பர்ஜ் ஓட்டிப் பழைய டிக்கெட்டுகளை அழித்ததும் சரியானது. இணைப்புகளின் ஆத்_ஸ்கீம் பத்தியில் கெர்பரோஸ் என்று வந்தது.

திங்கள் ராத்திரி

கடைசி லாரி போன பிறகு எல்லோரையும் வெளியேறச் சொன்னோம். பகலில் முடிந்த அளவுக்குச் சரக்கு மாற்றத்தைக் கையால் இரண்டு என்ட்ரியாகப் போட்டுச் சமாளித்திருந்தார்கள். வேறு சர்வருக்குத் தரவை நகலாக்கும் ரெப்ளிகேஷனோ மிரரிங்கோ இங்கே இல்லை என்பதை உறுதி செய்துகொண்டோம். இருந்தால் அவற்றை முதலில் பிரித்தெடுக்க வேண்டும், அது தனிக் கதை.

முதலில் ஈடிபிசர்வர் என்ற லிங்க்டு சர்வரை, அதோடு ஒட்டிய லாகின்களையும் சேர்த்து நீக்கினோம். அடுத்து ஈடிபிநியூ வரிசையை நீக்கினோம். பிறகு ஈடிபிசர்வரை 'லோக்கல்' குறிப்போடு சேர்த்தோம். அந்தக் குறிப்பை மறந்தால் அது வெறும் இன்னொரு சர்வராகப் பதிவாகும், ரீஸ்டார்ட் செய்த பிறகு @@சர்வர்நேம் நல் என்று வெறுமையாக நிற்கும். சர்வீஸ், ஏஜென்ட் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்து கேட்டபோது இரண்டு பத்தியிலும் ஈடிபிசர்வர். சரக்கு மாற்ற என்ட்ரி ஒரே அழுத்தில் விழுந்தது. அதே கையோடு புரொசீஜரிலிருந்து அந்த நான்கு பகுதிப் பெயரையும் எடுத்துவிட்டேன்.

ஈடிபிநியூ பெயரில் இருந்த காலத்தில் உருவாக்கிய மெயின்டனன்ஸ் பிளான் ஒன்று ஞாயிறன்று தோற்றிருந்தது, அதன் இணைப்புக்குள் பழைய பெயர் இருந்ததால். அழித்துவிட்டுப் புதிதாகவே போட்டோம்.

பேக்கப்பைச் சோதிக்கப் பழைய மெஷின் உதவாது என்பதால், என் லேப்டாப்பில் இருந்த 2019 டெவலப்பர் எடிஷனில், நாஸிலிருந்தே எடுத்து ரீஸ்டோர் செய்து பார்த்தேன். திங்கள் மாலை கடைசி பில் நம்பர் அதில் இருந்தது. இப்போது காலை ஏழு மணிக்கு ஒரு ஜாப் இரண்டைப் பார்க்கிறது: இரண்டு பெயர்களும் ஒன்றா, நாஸில் இருக்கும் மிகப் புதிய கோப்பு நேற்று ராத்திரியுடையதா. ஒன்று தப்பினாலும் ஈடிபி பொறுப்பாளருக்கும் எனக்கும் மெயில் வரும். ஜாப் வரலாற்றின் பச்சை டிக்கை அவர் இப்போது பார்ப்பதே இல்லை, நேராக நாஸைத் திறந்து தேதியைத்தான் பார்க்கிறார்.

பழைய தரவைப் பார்க்க லிங்க்டு சர்வர் வேண்டும் என்று யாராவது கேட்டால், பழையதரவு என்ற பெயரில்தான் உருவாக்குவது என்று வைத்துக்கொண்டோம். புதிதாக எழுதுகிற அறிக்கைகளுக்கு டிஎன்எஸ்ஸில் (நெட்வொர்க்கின் பெயர்ப் பதிவேட்டில்) பில்லிங்டிபி என்று ஒரு சிநேம், அதாவது மாற்றுப்பெயர், போட்டிருக்கிறது. விபி 6 புரோகிராம் இருக்கும்வரை ஈடிபிசர்வர் என்ற பெயரும் இருக்கும்.

எஸ்ஏ பாஸ்வேர்டை மாற்றுவது மட்டும் பாக்கி. அதற்கு முன் எக்செல் கோப்புகளிலிருந்து அதை எடுத்துவிட்டு, பழையபடி விண்டோஸ் லாகினுக்குக் கொண்டுவர வேண்டும். எந்தெந்தக் கோப்பு என்பது அக்கவுன்ட்ஸ் அக்காவுக்குத்தான் தெரியும். கேட்டால், "இருபதாம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் முடியட்டும் சார், அதுக்கப்புறம் உட்கார்ந்து பாக்கலாம்" என்கிறார். அதுவரை எஸ்ஏ லாகின் எந்தப் பிசியிலிருந்து வருகிறது என்பதைத் தினமும் குறித்து வைக்கிறோம்.